முப்பது நாட்களுக்குள் பார்க்கப்பட வேண்டிய கண்கள்

ஆண்டுதோறும் நவம்பர் 17 உலகக் குறைப்பிரசவ நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று மருத்துவமனைகளில் கூட்டங்கள் நடைபெறுகின்றன. கட்டடங்களுக்கு ஊதா நிற விளக்குகள் போடப்படுகின்றன. ஆட்சியாளர்கள் வாழ்த்துச் செய்திகளும் சாதனைப் பட்டியல்களும் வெளியிடுகின்றனர். உலகிலேயே மிக அதிகமாகக் குறைமாதக் குழந்தைகள் பிறக்கும் நாடு இந்தியா. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் பங்கேற்ற மதிப்பீட்டின்படி, 37 வாரங்கள் நிறைவதற்கு முன்னர் 2020ஆம் ஆண்டில் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம். அவர்களில் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இக்குழந்தைகளில் மிகப் பலர் சில நாட்களிலேயே இறந்துபோயினர். இன்று பலர் பிழைக்கின்றனர். பொது மருத்துவமனைகள் ஈட்டிய இந்த வெற்றியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால், பிழைத்த குழந்தைகளில் ஒரு பகுதியினர் தடுத்திருக்கக்கூடிய ஒரு நோயால் இரு கண்களின் பார்வையையும் நிரந்தரமாக இழக்கின்றனர். நோயின் காரணம் தெரியும், கண்டறியும் முறை தெரியும், சிகிச்சையும் உண்டு. இவற்றையெல்லாம் விளக்கும் வழிகாட்டு நெறிமுறையும் ஒன்றிய அரசிடம் 2017 முதல் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: குறித்த நாளில் குறித்த குழந்தையின் கண்ணைப் பார்ப்பது யாருடைய பொறுப்பு என்ற தீர்மானம். அந்தப் பொறுப்பை அரசு ஏற்கச் செய்வது நம் இயக்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்றாக வேண்டும்.

நோயும் அதன் கெடுவும்

தாயின் கருவறையில் 16ஆம் வாரம் அளவில் கண்ணின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் வளரத் தொடங்குகின்றன. நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் படரும் இக்குழாய்கள் விழித்திரை முழுவதையும் சென்றடைவதற்கு ஏறத்தாழ நிறைமாதம் ஆகிவிடும். குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டால் இந்த வளர்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது. மூச்சுக்காகத் தரப்படும் ஆக்சிஜன் அளவுக்கு மிஞ்சினால் குழாய்கள் மேலும் சுருங்குகின்றன. சில வாரங்கள் கழித்து, இரத்தம் கிடைக்காத விழித்திரைப் பகுதி எழுப்பும் தூண்டுதலால் புதிய குழாய்கள் தாறுமாறாகப் பெருகுகின்றன. அவை தழும்பாகி இழுக்கும்போது விழித்திரை தன் இடத்திலிருந்து பிரிந்துவிடுகிறது. மருத்துவர்கள் இதை ரெட்டினோபதி ஆஃப் ப்ரீமெச்சூரிட்டி என்றும், சுருக்கமாக ஆர்.ஓ.பி. என்றும் அழைக்கின்றனர். குறைமாத விழித்திரை நோய் என்று நாம் சொல்லலாம்.

இந்நோய் வந்திருப்பதை வெளியிலிருந்து யாராலும் அறிய முடியாது. கண் சிவப்பதில்லை, நீர் வடிவதில்லை, குழந்தை அழுவதுமில்லை. கண்மணியின் நடுவில் வெண்மை படர்ந்திருப்பதைத் தாய் கவனிக்கும் வேளையில் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். அந்த நிலையில் செய்யப்படும் அறுவை சிகிச்சைகள் மிகச் சிலருக்கே ஓரளவு பார்வையைத் தருகின்றன. ஆனால், உரிய வாரத்தில் கண்டறிந்து இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசர் சிகிச்சை அளித்தால் பெரும்பாலான குழந்தைகளின் பார்வை காப்பாற்றப்படுகிறது.

எனவேதான் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் 2017இல் வெளியான நெறிமுறை தெளிவான கெடு ஒன்றை வகுத்தது. 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுடனோ, 34 வாரங்களுக்கு முன்னரோ பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த 30 நாட்களுக்குள் முதல் கண் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்னர் பிறந்த குழந்தைகளுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் இரண்டு அல்லது மூன்று வாரங்களிலேயே நடக்க வேண்டும். 34 முதல் 36 வாரங்களில் பிறந்தவர்களாயினும், நோய்த்தொற்று, நீண்டநாள் ஆக்சிஜன் முதலிய அபாயங்கள் இருந்தால் அவர்களையும் பார்க்க வேண்டும். சொட்டு மருந்திட்டு கண்மணியை விரியச் செய்து, பயிற்சி பெற்ற மருத்துவர் சில நிமிடங்களில் முடித்துவிடக்கூடிய பரிசோதனை இது.

வரலாறு கற்பித்த பாடம்

1942இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டெர்ரி என்ற கண் மருத்துவர் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் இதனால் பார்வையிழந்தனர். அவர்களில் மிகப் பலர், இன்குபேட்டர் வசதி பரவியிருந்த செல்வ நாடுகளின் குழந்தைகள். கட்டுப்பாடின்றித் தரப்பட்ட ஆக்சிஜனே காரணம் என்பதை 1951இல் மெல்போர்ன் நகரின் கேட் கேம்பெல் என்ற குழந்தை மருத்துவர் சுட்டிக்காட்டினார். பின்னர் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு இதை உறுதிசெய்தது.

இதையடுத்து ஆக்சிஜனைக் கடுமையாகக் குறைத்தனர். பார்வையிழப்பு குறைந்தது. ஆனால், மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் ஏறத்தாழ 16 உயிர்கள் விலையாயின என்று பிரிட்டனில் 1973இல் வெளியான ஒரு கணிப்பு கூறியது. ஆக்சிஜன் மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு. அதை அளந்து, இடைவிடாது கண்காணித்துத் தர வேண்டும். அதற்குக் கருவியும் வேண்டும், கருவியைக் கவனித்துக்கொண்டிருக்கும் செவிலியரும் வேண்டும்.

1970களிலும் 80களிலும் மிகச் சிறிய குழந்தைகளும் பிழைக்கத் தொடங்கியபோது செல்வ நாடுகளில் நோய் மீண்டும் தலைதூக்கியது. லத்தீன் அமெரிக்கா, கிழக்கு ஐரோப்பா, இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகள் ஆகியவற்றில் இன்று காணப்படுவதை மருத்துவ உலகம் மூன்றாவது அலை என்று குறிப்பிடுகிறது. உயிர் காக்கும் பிரிவுகள் விரைவாகத் திறக்கப்பட்டு, ஆக்சிஜனை அளக்கும் ஏற்பாடும் கண்ணைப் பார்க்கும் ஏற்பாடும் பின்தங்கிவிட்டதன் விளைவே இந்த அலை.

புருலியாவில் தொடங்கியது

மாவட்ட மருத்துவமனையிலேயே நோயுற்ற பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவை நடத்த முடியும் என்பதை இந்தியாவுக்குக் காட்டியது, அன்று இடது முன்னணி ஆட்சியிலிருந்த மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டம். மாநிலத்தின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் ஒன்றான அங்கு 2003இல் இப்பிரிவு தொடங்கப்பட்டது. அதன் அனுபவமே பின்னர் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் வழியாக நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. இன்று 900க்கும் மேற்பட்ட பிரிவுகள் செயல்படுகின்றன. ஏழைகளின் குழந்தைகளுக்குப் பெருநகரத் தனியார் மருத்துவமனையை விட்டால் வேறு கதியில்லை என்ற நிலையை மாற்றியதில் பொதுத்துறைக்கு உள்ள பங்கு மறுக்க முடியாதது.

ஆயினும், கட்டில்களும் வெப்பக் கருவிகளும் பெருகிய அளவுக்கு மற்றவை பெருகவில்லை. சிலிண்டரிலிருந்து வருவது முழு ஆக்சிஜன். நாம் சுவாசிக்கும் காற்றிலோ அது 21 விழுக்காடுதான். இரண்டையும் தேவையான அளவில் கலந்து தரும் கருவியும், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து காட்டும் கருவியும் ஒவ்வொரு கட்டிலுக்கும் இருக்க வேண்டும். அவை பற்றாத இடங்களில் குழந்தைக்குத் தேவைக்கு மிஞ்சிய ஆக்சிஜன் செல்கிறது. ஒரு செவிலியர் ஒரே வேளையில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளைக் கவனிக்க நேர்ந்தால், கருவி எழுப்பும் எச்சரிக்கை ஒலிக்கு உடனே எழுந்து செல்வதும் இயலாது. நோய்த்தொற்று பரவுவதற்கும் அதுவே வழி. நோய்த்தொற்றும் இந்நோயைத் தூண்டுகிறது.

இதனால்தான் செல்வ நாடுகளில் மிகச் சிறிய குழந்தைகளை மட்டுமே தாக்கும் இந்நோய், நம் நாட்டில் 1,500 கிராமுக்கு மேல் எடையுள்ள குழந்தைகளையும் தாக்குகிறது. அமெரிக்காவில் பரிசோதனைக்கான வரம்பு 1,500 கிராம், 30 வாரம். அதை அப்படியே பின்பற்றினால் நம் குழந்தைகளில் பலர் விடுபட்டுப்போவர். எனவே இந்திய மருத்துவர்கள் வரம்பை 2,000 கிராமாக உயர்த்தியது மிகச் சரியானது. ஆனால் அந்த வேறுபாடு, பராமரிப்பின் தரத்தில் உள்ள வேறுபாட்டையும் அளந்து காட்டுகிறது என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும்.

சங்கிலி அறுபடும் இடம்

முதல் பரிசோதனைக்கான கெடு வருவதற்கு முன்பே பெரும்பாலான குழந்தைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடுகின்றனர். எடை சற்றுக் கூடி, தாய்ப்பால் அருந்தத் தொடங்கியதும் கட்டில் அடுத்த குழந்தைக்குத் தேவைப்படுகிறது. கையில் ஒரு சீட்டு தரப்படுகிறது. அதில் கண் பரிசோதனை என்று ஒரு வரி இருக்கலாம். அது ஆங்கிலத்தில் இருக்கலாம். அந்த நாள் தவறினால் என்ன நேரும் என்று தாய்க்கு எவரும் விளக்காமலும் இருக்கலாம்.

கிராமத்துக்குத் திரும்பிய தாயின் நிலையை எண்ணிப் பார்ப்போம். பிரசவத்தின் களைப்பு தீரவில்லை. குழந்தையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கின்றனர். கணவர் கூலி வேலைக்குச் செல்பவர் அல்லது வெளிமாநிலத்தில் இருப்பவர். கண் மருத்துவர் மாவட்டத் தலைநகரில் இல்லை. நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெருநகரில் இருக்கிறார். நன்றாகப் பால் குடித்து உறங்கும் குழந்தைக்கு, வெளியில் எந்தக் குறியும் இல்லாத ஒரு நோய்க்காக, ஒரு நாள் கூலியையும் வழிச்செலவையும் இழந்து பயணம் செய்ய வேண்டும். அதுவும் ஒருமுறையோடு முடிவதில்லை. விழித்திரையின் குழாய்கள் முழுமையடையும்வரை ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே பயணம். இத்தகைய நிலையில் வராமல்போன தாயைப் பொறுப்பற்றவர் என்று மருத்துவமனைப் பதிவேடு குறித்துவைக்குமானால் அது அநீதி. அந்தக் குழந்தையைத் தேடிச் செல்லாத அமைப்புதான் பொறுப்பற்றது.

இத்தனைக்கும் உரிமைகள் காகிதத்தில் இருக்கின்றன. 2011இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் நோயுற்ற பச்சிளம் குழந்தைகளுக்கு இலவச சிகிச்சையுடன், வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும் ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கும் இலவசப் போக்குவரத்தையும் உறுதியளிக்கிறது. முதலில் 30 நாட்களுக்கு என்றிருந்த வரம்பு பின்னர் ஓராண்டாக நீட்டிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, உடற்குறைபாடுகள் நேராமல் தடுப்பதற்கான நடவடிக்கைகளையும் குழந்தைகளுக்கான பரிசோதனைகளையும் அரசின் கடமையாக வைத்திருக்கிறது. கண் பரிசோதனைக்கான ஒவ்வொரு பயணமும் இந்த உரிமைகளுக்குள் அடங்க வேண்டியதே.

தனியார் மருத்துவமனைகளின் நிலை வேறு வகையில் கவலைக்குரியது. சிறு நகரங்களில்கூட இன்று குறைமாதக் குழந்தைகளுக்கான தனியார் பிரிவுகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் பெறும் இடங்களிலும் கண் பரிசோதனை நடந்ததா என்று கேட்டுப் பதிவுசெய்யும் கட்டாயம் நடைமுறையில் இல்லை. நிலத்தையும் நகையையும் விற்று உயிரைக் காப்பாற்றிய பெற்றோர், பார்வை போனதை மாதங்கள் கழித்து அறிகின்றனர்.

நீதிமன்றம் சொன்னதும் சொல்ல முடியாததும்

1996இல் சென்னையில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இப்பரிசோதனை நடைபெறவில்லை. நோயைப் பற்றிய எச்சரிக்கையும் பெற்றோருக்குத் தரப்படவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை மருத்துவக் கவனக்குறைவு எனத் தீர்மானித்து, சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பரிசோதிக்காமல் விடுவதற்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் நிலைநாட்டியது மிக முக்கியமானது.

ஆனால், தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு 18 வயது. டெல்லிவரை வழக்கை நடத்தும் வலிமை எத்தனை குடும்பங்களுக்கு உண்டு? இழப்பீடு நீதியின் ஒரு பகுதி. பரிசோதகரையும் கருவியையும் செவிலியரையும் மாவட்ட மருத்துவமனையில் அமர்த்துவது வரவுசெலவுத் திட்டத்தின் வேலை. அதை எந்தத் தீர்ப்பும் தானாகச் செய்துவிடாது. தண்டனைக்கு அஞ்சும் மருத்துவர், தன் பாதுகாப்புக்காக நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. அனுப்பப்பட்ட குழந்தை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்கும் ஓர் அமைப்பு வேண்டும்.

நிபுணர் இல்லை என்ற வாதம்

விழித்திரை நிபுணர்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லை, அவர்கள் பெருநகரங்களிலேயே இருக்கின்றனர் என்ற வாதம் முன்வைக்கப்படுகிறது. இது பொய்யல்ல. ஆனால், இதற்கான விடையும் இந்த நாட்டிலேயே கிடைத்துள்ளது. கர்நாடகத்தில் 2008 முதல், பெங்களூருவின் தனியார் கண் மருத்துவமனை ஒன்று தொடங்கிப் பின்னர் மாநிலத்தின் ஊரக சுகாதார இயக்கத்துடன் இணைந்து நடத்தும் கிட்ராப் திட்டத்தில், பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் கேமராவுடன் மாவட்டங்களின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளுக்கே செல்கின்றனர். விழித்திரையைப் படம் எடுத்து இணையம் வழியாக அனுப்புகின்றனர். நிபுணர் தன் இருக்கையிலிருந்தே பார்த்து, யாருக்குச் சிகிச்சை தேவை என்று சொல்கிறார். வெளிநாட்டிலிருந்து மிக உயர்ந்த விலையில் இறக்குமதியான கேமராவுக்கு மாற்றாக, குறைந்த விலையில் இந்தியாவிலேயே தயாரிக்கப்படும் கேமராவும் இன்று கிடைக்கிறது.

மருத்துவர் அல்லாத ஒரு பணியாளரைக் கொண்டு கிராமப்புறக் குழந்தையைச் சென்றடைய முடியும் என்பதை இத்திட்டம் மெய்ப்பித்துள்ளது. அதில் உழைத்தவர்களைப் பாராட்டுவோம். அதே வேளையில், ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தையோ ஒரு அறக்கட்டளையின் நிதியையோ நம்பி நாடு முழுவதற்குமான பணியை நடத்திவிட முடியாது. ஒப்பந்தக் காலமும் நிதியும் முடிந்ததும் கேமரா நின்றுவிட்டால், அந்த மாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மறுவாய்ப்பு இல்லை. மெய்ப்பிக்கப்பட்ட முறையை அரசு தன் நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு ஒவ்வொரு மாவட்டத்திலும் நடத்த வேண்டும்.

மருந்து விஷயத்திலும் விழிப்பு தேவை. லேசருக்கு மாற்றாகக் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகள் இப்போது பயன்படுகின்றன. பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்தும், அதனினும் பன்மடங்கு விலையுள்ள ரானிபிசுமாப் என்ற கண் மருந்தும் அவற்றுள் முக்கியமானவை. விலை குறைந்த மருந்தைக் கண்ணுக்குப் பயன்படுத்த விடாமல் தடுக்கக் கூட்டுச் சேர்ந்ததாக ரோச், நோவார்ட்டிஸ் ஆகிய இரு பன்னாட்டு நிறுவனங்களுக்கும் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் மொத்தம் 18 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. மேலும், ஊசி செலுத்திய குழந்தைக்கு வாரங்கள் கழித்து நோய் திரும்பக்கூடும். எனவே நீண்டகாலம் தொடர்ந்து பார்க்க வேண்டும். திரும்பி வரும் வசதியற்ற குடும்பத்துக்கு எது ஏற்றது என்பதை மருத்துவத் தேவைதான் முடிவுசெய்ய வேண்டும். மருந்து நிறுவனத்தின் விற்பனை இலக்கு முடிவுசெய்யக் கூடாது.

பணமும் உழைப்பும்

பொதுச் சுகாதாரத்துக்கான அரசுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை அறிவித்தது. அரசின் சொந்தக் கணக்குப்படியே 2021-22இல், பெருந்தொற்றுக் காலத்திலும்கூட, அது 1.84 விழுக்காடுதான். அதே ஆண்டில் நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தினர். ஆட்சியாளர்கள் இதற்கெல்லாம் தீர்வாகக் காப்பீட்டு அட்டையைக் காட்டுகின்றனர். ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்தபின் எழும் செலவுக்கானது. சேர வேண்டிய தேவை உண்டா என்பதைக் கண்டறிய, நலமாகத் தோன்றும் குழந்தையைத் தேடிச் செல்லும் பணியை எந்தக் காப்பீட்டு அட்டையும் செய்வதில்லை. அது பொதுச் சுகாதாரத் துறையால் மட்டுமே இயலும்.

அந்தப் பணியைச் செய்யக்கூடியவர்கள் ஏற்கனவே கிராமங்களில் இருக்கின்றனர். வீடுசார்ந்த பச்சிளம் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின்படி ஆஷா ஊழியர் பிரசவத்துக்குப் பின் 42ஆம் நாள்வரை குறித்த நாட்களில் வீட்டுக்குச் செல்கிறார். அவற்றுள் ஒன்று 28ஆம் நாள். முப்பது நாள் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, பயிற்சி பெற்ற ஒரு பெண் அந்தக் குழந்தையின் அருகில் இருக்கிறார்! கண் பரிசோதனை முடிந்ததா என்ற கேள்வி அவருடைய படிவத்தில் இருந்து, இல்லையென்றால் மறுநாளே வண்டியை அழைக்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தால், சங்கிலி அறுபடும் இடம் அங்கேயே இணைக்கப்படும். ஆனால், இத்தனை வருகைகளுக்கும் சேர்த்து அவருக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை 250 ரூபாய். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு இன்றுவரை அவர்களைத் தன்னார்வலர் என்றே அழைக்கிறது. குழந்தையின் கண்ணும் ஆஷா ஊழியரின் ஊதியமும் ஒரே போராட்டத்தின் இரு கோரிக்கைகள்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பார்வையற்றோரின் வாழ்வு மதிப்புக் குறைந்தது என்ற எண்ணத்திலிருந்து இக்கோரிக்கை எழவில்லை. கல்வியிலும் வேலையிலும் அவர்களுக்கு உரிய இடத்துக்காக நாம் தொடர்ந்து போராடுகிறோம். இந்நோயால் ஏற்கனவே பார்வையிழந்த குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலிருந்தே பயிற்சியும் உதவியும் தேவை. ஆனால், அலட்சியத்தால் ஒரு குழந்தையின் பார்வை பறிக்கப்படுவதை விதியென்று ஏற்க முடியாது.

நம் கோரிக்கைகள்

ஒவ்வொரு பச்சிளம் குழந்தைப் பிரிவிலும், வரம்புக்குட்பட்ட குழந்தை எதுவும் கண் பரிசோதனைக்கான நாளும் இடமும் பொறுப்பாளரும் குறிக்கப்படாமல் வீட்டுக்கு அனுப்பப்படக் கூடாது. பரிசோதனைக்கான எல்லாப் பயணங்களுக்கும் இலவச வண்டியும், உடன் வருபவரின் இழந்த கூலிக்கு ஈடும் தரப்பட வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் கேமராவும் அதை இயக்கும் நிரந்தரப் பணியாளரும், எட்டும் தூரத்தில் லேசர் வசதியும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஆக்சிஜன் கலக்கும் கருவியும் கண்காணிப்புக் கருவியும் வழங்கி, காலியாக உள்ள செவிலியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். தனியார் பிரிவுகளுக்கு உரிமம் வழங்கும்போது இப்பரிசோதனை கட்டாய நிபந்தனையாக வேண்டும். எத்தனை குழந்தைகளுக்குப் பரிசோதனை தேவைப்பட்டது, எத்தனை பேருக்கு நடந்தது என்ற விவரத்தை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

தோழர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். மாதர், வாலிபர் அமைப்புகளின் தோழர்களுடன் அருகிலுள்ள மாவட்ட மருத்துவமனைக்குச் சென்று, கண் மருத்துவர் எந்த நாளில் வருகிறார், கடந்த மாதம் வீடு திரும்பிய குழந்தைகளில் எத்தனை பேர் பார்க்கப்பட்டனர் என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யுங்கள். அங்கு பணிச்சுமையில் தவிக்கும் செவிலியரையும் மருத்துவரையும் எதிரியாக நிறுத்த வேண்டாம். இக்கோரிக்கையில் அவர்களும் நம்முடன் நிற்கக்கூடியவர்கள். உங்கள் பகுதியில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை இருந்தால் அந்த வீட்டுக்குச் செல்லுங்கள்; பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள்; முப்பது நாள் ஆகுமுன் பரிசோதனைக்குச் செல்லத் துணை நில்லுங்கள்.